பழனிவேல் இணைப்பில் இருக்கிறார்

ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் நிற்பவர் யார் என்று மனிதன் கேட்கத் துணிந்த கணத்தில்தான் நாகரிகம் பிறந்தது. இந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான், மேடம். சாம்பல் செங்கல் விற்பதற்காக எழுதினேன். குள்ளஞ்சாவடி போகிற சாலையில் எங்கள் ஆலை வாசலில் அதை ஃபிளெக்ஸில் அடித்துக் கட்டியிருந்தோம். ஆடிக் காற்றில் கிழிந்துவிட்டது. நாகரிகம் வரைக்கும் உள்ள பகுதியை இப்போது சிமெண்ட் மூட்டைகள் மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. பழனிவேல் தொட்டிக்குள் இறங்கும் முன் பொத்தானை அமுக்கினாரா, இல்லையா. அவர் மனைவி தனம் கொடுத்த மனுவிலும் அது ஒன்றுதான் இருக்கிறது. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வெறும் சொல்லாகச் சொன்னால் என்னைப் பற்றித் தவறான அபிப்பிராயம் வந்துவிடும். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

என் பெயர் அருண்பிரசாத். ஸ்ரீ வெள்ளாறு ஆஷ் பிரிக்ஸில் டிஜிட்டல் பிரிவின் தலைவர். பிரிவில் நான் ஒருவன்தான். நெய்வேலியில் ஒரு மனிதனிடம் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. பெர்மனென்டா, கான்ட்ராக்டா என்று கேட்பார்கள். நான் இரண்டும் இல்லை. பெர்மனென்டின் கணவன். என் மனைவி உமாராணி சுரங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் இருக்கிறது. வாசல் பலகையிலும் அவள் பெயர். என் அப்பா பரமசிவம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். என் விசிட்டிங் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “தலைவர்னு போட்டுருக்கு. தொண்டன் யாருடே?” என்றார்.

இதையெல்லாம் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. ஒரு மனிதன் தன் வேலையை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஆலையில் கலவைத் தொட்டி ஒன்று இருக்கிறது. சாம்பலும் சிமெண்டும் தண்ணீரும் அதில் விழும்; அடியில் இரும்பு உருளைகள் சுற்றி அரைக்கும். ஷிப்ட் முடிந்ததும் கலவை சுவரில் ஒட்டிக் காய்ந்து பாறையாகிவிடும். அதனால் தினமும் காலையில் ஓர் ஆள் உள்ளே இறங்கி, கடப்பாறையால் தட்டித் தட்டிப் பெயர்த்து எடுக்க வேண்டும். அந்த ஆள் பழனிவேல். சேத்தியாத்தோப்புப் பக்கம். அவருடைய அப்பா வரைக்கும் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். இவர் கான்ட்ராக்டில் எங்களிடம் வந்தார். ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் மோட்டாரைப் போட்டுவிடாமல் இருக்க தொட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. பழைய காலத்து மெயின் சுவிட்ச். அதைக் கீழே இழுத்துவிட்டு, தன் துண்டை அதில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் எம்.டி. சிவப்பிரகாசம் கோயம்புத்தூரில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து துண்டைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்கவில்லை. “தம்பி, உலகம் எங்கயோ போய்கிட்டு இருக்கு. நாம இன்னும் துண்டு கட்டிக்கினு இருக்கோம்” என்றார். துண்டுக்குப் பதிலாக ஒரு தரவுத்தளம் கேட்டார். நான் செய்து கொடுத்தேன்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் வருகிறது, பயப்படாதீர்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பணக்காரக் கல்யாணம்: ஒவ்வோர் இலைக்கும் தனியாக ஒரு பரிமாறுகிறவர். நீங்கள் உட்கார்ந்ததும் உங்களுக்கென்று ஒருவர் வந்து நிற்பார். நீங்கள் எழுந்திருக்கும் வரை நகர மாட்டார். நாங்கள் பயன்படுத்துகிற தரவுத்தளமும் அப்படித்தான். ஒரு டேப், அதாவது பலகை மாதிரிக் கைக்கணினி, அதனோடு தொடர்பு கொண்டால், அந்த இணைப்புக்கென்று செர்வரில் ஒரு பிராசஸ் எழுந்து நிற்கும். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண். இணைப்பைப் பார்த்து, ‘உனக்குப் பின்னால் நிற்பவன் எண் என்ன?’ என்று கேட்க ஒரே ஒரு வரி போதும். கேட்டால் சொல்லும். பொய் சொல்லத் தெரியாது அதற்கு.

நான் அதோடு நிறுத்தவில்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அந்த டேப்பில் யார் பெயர் அமுக்கப்பட்டது என்பதும் வரும்படி செய்தேன். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டேப் மாட்டினோம். இறங்குகிற ஆள் தன் பெயரை அமுக்க வேண்டும். பிறகு ‘உள்ளே’ என்பதை அமுக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பிராசஸ் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அலுவலகத் திரையில் தொட்டிக் கட்டம் சிவப்பாகும். எவர் என்ன அமுக்கினாலும் மோட்டார் ஓடாது. மேலே ஏறி வந்து ‘வெளியே’ அமுக்கினால் பச்சை.

உள்ளே போனதும் வெளியே வந்ததும் சேர்ந்து ஒரே வேலை. அது முடிந்த பிறகே தரவுத்தளத்தில் பதிவாகும். அதுவரை பூட்டு அந்தப் பிராசஸின் கையில் மட்டும் இருக்கும். பிராசஸ் இருக்கிற வரைக்கும் பூட்டு. பிராசஸ் இல்லை என்றால் பூட்டும் இல்லை, பூட்டு இருந்ததற்கான அடையாளமும் இல்லை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் பரிமாறுகிறவரை அனுப்பிவிட்டால், இலையையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த இடத்தில் யாருமே உட்காரவில்லை என்று ஆகிவிடும். இதை நான் ஒரு கவிதை மாதிரி நினைத்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற வேறு யாராவது பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். ஆனால் பிரிவில் நான் ஒருவன்தான் என்று முன்பே சொன்னேன்.

கைப்பிடியைக் கழற்றச் சொன்னதும் நான்தான். ஒரே வேலைக்கு இரண்டு பூட்டு இருந்தால் குழப்பம் வரும் என்று எம்.டி.யிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பழனிவேல் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“சார், துண்ட எங்க கட்றது?”

“துண்டு வேண்டாம். பேரை அமுக்கினா போதும்.”

“அமுக்கறன் சார். சும்மா கேட்டன். கரண்டு போய்ட்டா?”

“கரண்டு போனா மோட்டாரும் ஓடாதே.”

அவர் சிரித்துவிட்டார். “அதானே, நான் ஒரு கூமுட்ட” என்றார். மேஸ்திரி ராஜாங்கமும் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், அதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

பாதுகாப்பு வாரம் வந்தது. எம்.டி. அதைத் திருவிழாவாக்கிவிட்டார். பந்தல், ரிப்பன், குத்துவிளக்கு, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். அலுவலக ஹாலில் பெரிய திரை. திரையில் ஆலையின் எல்லா மெஷின்களும் கட்டம் கட்டமாக. நிகழ்ச்சி என்னவென்றால், மேசை மேல் வைத்திருக்கும் பெரிய பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்க, ஆலை தானாக உயிர்பெற வேண்டும். ஆளே இல்லாமல் ஓடும் ஆலை என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். அதைப் பார்ப்பதற்காக ஆலையின் ஆட்களையெல்லாம் பந்தலில் உட்கார வைத்திருந்தோம்.

எல்லாரையும் என்று நினைத்தோம். ராஜாங்கத்துக்குக் கடைசி நேரத்தில் தொட்டியின் ஞாபகம் வந்திருக்கிறது. நேற்றைய கலவை காய்ந்து கிடந்தால் விழா நடுவில் மோட்டார் திணறுமே என்று பழனிவேலை ஒருநடை அனுப்பிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும் என்று முதல் விசாரணையில் சொன்னேன்.

திரையில் எல்லாம் பச்சை. தொட்டி மட்டும் சிவப்பு.

எம்.டி. என் காதருகே குனிந்தார். புதுச் சட்டையின் கஞ்சி வாசனை வந்தது. “என்ன தம்பி, ஒண்ணு மட்டும் சேப்பா நிக்கிது?”

“கனெக்‌ஷன் மாட்டிக்கிச்சு சார். எடுத்துடறேன்.”

“சட்டுனு எடு. போட்டோவுல சேப்பு வரக்கூடாது.”

நான் எடுத்தேன். கட்டம் பச்சையானது. எம்.டி. பொத்தானை அழுத்தினார். போட்டோகிராபர் படம் எடுத்தார். ஷெட் பக்கமிருந்து தொட்டி சுற்றும் சத்தம் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததென்று ராஜாங்கம் பிற்பாடு சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை.

நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விசாரணை வைத்தார்கள். தனத்தைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அந்த அம்மாள் உட்காரவில்லை.

“அவரு அமுக்காம எறங்க மாட்டாருங்க” என்றார். “சைக்கிளுக்கே ரெண்டு பூட்டு போடற மனுசன்.”

“நாங்க சொல்லலம்மா. மிசினே சொல்லுது, அமுக்கலன்னு” என்றார் ராஜாங்கம்.

“மிசினு சொல்லும். மிசினா எறங்குச்சி?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரவுத்தளத்தைத் திறந்து காட்டினேன். அந்தக் காலையில் தொட்டிக்குள் யாரும் இறங்கியதாக எதுவும் இல்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, மேடம். தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என்ன இருக்கிறதோ அதைக் காட்டினேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கைப்பிடியைத் திரும்ப மாட்டச் சொல்லி எலெக்ட்ரீஷியனுக்கு உத்தரவு போயிற்று. எம்.டி. பூசணிக்காய் உடைத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆலை மறுபடி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் இருக்கும். காலையில் வந்து உட்கார்ந்து, யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று வழக்கம்போல் கேட்டேன். எண்கள் வரிசையாக வந்தன. எண்களுக்குப் பக்கத்தில் பெயர்கள் வந்தன. கேட் ராமு. லோடிங் செங்குட்டுவன். தொட்டி பழனிவேல்.

தொட்டிக் கட்டம் சிவப்பாக இருந்தது.

பழைய இணைப்பு ஒன்று எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பின்னாலிருக்கும் பிராசஸின் எண்ணைக் கேட்டேன். புது எண். அன்று காலையில் பிறந்த எண். அதைத் துண்டித்தேன். கட்டம் பச்சையானது. ஒரு மூச்சு விட்டேன். அதற்குள் இன்னொரு எண்ணோடு அதே பெயர் வந்து நின்றது. இம்முறை தொட்டியைப் பிடிக்கவில்லை. எதையும் கேட்கவில்லை. சும்மா நின்றது. பழனிவேல், இணைப்பில் இருக்கிறார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விழும். பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். நான் துண்டிப்பேன். பச்சை. பிறகு வேறோர் எண்ணில் வந்து, கோபமே இல்லாமல் சும்மா நிற்பார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். சில நாட்களில் அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது: வருவேன், கணினியைப் போடுவேன், பழனிவேலைத் துண்டிப்பேன், டீ குடிப்பேன்.

பயனர் பெயரையே அழித்துவிடலாமே என்பீர்கள். முயன்றேன். அவருடைய பழைய வருகைப் பதிவுகளெல்லாம் அந்தப் பெயரில் தொங்குகின்றன. அவை இருக்கும்வரை பெயரை அழிக்கத் தரவுத்தளம் விடவில்லை. நானே போட்ட கட்டுப்பாடு அது. இறந்தவர்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசித்து வைக்கவில்லை.

ஒரு நாள், விழா அன்று இருந்த அதே எண் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். எண்கள் தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து வரும்; என்றாவது ஒரு நாள் பழையது திரும்ப வந்தே தீரும். பயிற்சி வகுப்பில் இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். தெரிந்தும் விரல் நகரவில்லை. அந்த எண்ணை மறுபடி ஒருமுறை துண்டிப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன்.

வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தேன். கறி சாப்பிடுவதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டில் சட்னியைத் தொட்டு விரலால் எதையோ எழுதியிருக்கிறேன், உமாராணி பார்த்துவிட்டாள்.

“என்னங்க நம்பர் இது? யாரோட போன் நம்பர்?”

“போன் நம்பர் இல்ல. ஒரு பிராசஸ்.”

“பிராசஸ் எதுக்குச் சட்னியில வருது?”

சொன்னேன். முழுதும் இல்லை, செத்தவர் பெயர் தினமும் இணைப்பில் வருகிறது என்பதை மட்டும். அவள் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வந்து பழகியவள். எதற்கும் அசர மாட்டாள்.

“பேய்க்கு எதுக்குங்க லாகின்? அது நேரா வந்துட்டுப் போகும். அந்த டேப்ப யாரோ தொடுறாங்க. எழுந்து போய்ப் பாருங்களேன்.”

“ம்.”

“எவ்வளவு தூரம் இருக்கும் உங்க சீட்டுலேர்ந்து?”

கூப்பிடு தூரம்தான். என் ஜன்னலைத் திறந்தால் ஷெட் தெரியும். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை. என் வேலை முழுதும் திரையில்தான். போய்ப் பார்த்திருந்தால் அது யார் என்று தெரிந்திருக்கும். அது பேயாகவே இருந்துவிட்டால் எனக்கு அதிகச் சிரமம் இல்லை என்றுதான் நினைத்தேன் போலிருக்கிறது.

இன்று காலை நீங்கள் வந்தீர்கள். நீங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது நான் வழக்கமான வேலையை முடித்திருந்தேன். சிவப்பு விழுந்தது, துண்டித்தேன், பச்சை. வந்த கையோடு தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நானும் கூட வர வேண்டும் என்றீர்கள். வந்தேன்.

அங்கே நாம் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்; ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் வாக்குமூலம் ஆகும் என்கிறீர்கள். சரி. மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இழுத்துவிடப்பட்டிருந்தது. அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றுகொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பொற்கொடி என்று பெயர் சொன்னார். பழனிவேலின் தங்கை. தொட்டிக்குள்ளிருந்து கடப்பாறைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அண்ணி, மேல வா. ஆப்பீசரம்மா வந்துகினு கீறாங்க” என்று குரல் கொடுத்தார்.

தொட்டி விளிம்பில் ஒரு கை வந்தது. பிறகு தலை வந்தது. முகம் முழுக்கச் சாம்பல்; கண்கள் மட்டும் தெரிந்தன. தனம். கணவர் போனபிறகு அந்த வேலையை இந்த அம்மாளுக்கே கொடுத்திருக்கிறார்கள். அதே கான்ட்ராக்ட், அதே தொட்டி. எம்.டி. அதைக் கருணை என்று சொல்லி உள்ளூர்ச் செய்தித்தாளில் போட்டிருந்தார், நான் படிக்கவில்லை.

டேப்பில் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் இறங்கினீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள்.

“அமுக்காம எறங்குவனாங்க? தெனிக்கும் அமுக்கறன்.”

“யார் பேரை?”

“எம் பேரு அதுல இல்லீங்களே. மேஸ்திரியாண்ட கேட்டன். இருக்கற பேர அமுக்கும்மா, ஒன் வூட்டுக்காரு பேருதானேன்னு சொல்ட்டாரு.” கடப்பாறையை விளிம்பில் சாய்த்து வைத்தார். “காலையில ஒருக்கா அவரு பேர அமுக்கிட்டு எறங்கறது… நல்லாத்தான் கீது.”

பொற்கொடி முறுக்கை இடுப்பில் முடிந்துகொண்டார். “அது சேப்பு காட்டும், பச்ச காட்டும், யாருக்குத் தெரியும்? நான் ஒருத்தி குறுக்க நிக்கிறன். என்னைத் தள்ளிட்டு எவன் கரண்டு வுடறான்னு பாக்கறன். எங்கண்ணனுக்குத்தான் நிக்க ஆளில்லாம போச்சி.”

நீங்கள் டேப்பைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். டேப்பில் பச்சை இருந்தது. தனம் அப்போதும் இடுப்பு வரை தொட்டிக்குள்தான் நின்றிருந்தார்.

ஆம். தினமும் காலையில் நான் துண்டித்தது அந்த அம்மாளின் பூட்டை. துண்டித்ததும் டேப் தானாகவே புது எண்ணில் இணைந்துகொள்ளும்; பூட்டு மட்டும் திரும்ப வராது. அவர் கீழே கடப்பாறை பிடித்திருக்கும்போது மேலே அவருடைய பாதுகாப்பை எடுத்துவிட்டு, நான் டீ குடித்திருக்கிறேன். எத்தனை தரம் என்று கணக்கெடுத்தால் அது எனக்குச் சாதகமாக வராது. ஆனால் இதில் என்மேல் தவறில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். அது ஆள் என்று எனக்குத் தெரியாது. பேய் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, முதல் ஆளுக்கு வருகிறேன். அவர் பேய் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். பழனிவேல் பொத்தானை அமுக்கினார். தன் பெயரை அமுக்கி, பிறகு ‘உள்ளே’ என்பதை அமுக்கி, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் செய்துவிட்டு இறங்கினார். அவர் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. அவர் மனைவி சொன்னது சரி. மெஷின் சொன்னதும் அந்த நேரத்தில் சரியாகத்தான் இருந்தது. நான் இணைப்பைக் கேட்டேன். அது எண்ணைச் சொன்னது. எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருந்தது. கனெக்‌ஷன் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்ட இணைப்பு எப்படி இருக்கும், ஆள் உள்ளே நிற்கிற இணைப்பு எப்படி இருக்கும் என்று வித்தியாசம் தெரிவதற்காகத்தான் அந்தத் திரையையே நான் செய்தேன்.

ஹாலில் நான் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. ஷெட்டிலிருந்து கடப்பாறை இரும்பில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. நிதானமான மனிதர். நான் அந்த ஒரு வரியை எழுதும்போதும் கேட்டது. எம்.டி. பொத்தானில் விரல் வைக்கும்வரை கேட்டது.

அப்படியென்றால் ஏன் என்கிறீர்கள். எனக்குப் பழனிவேல் மேல் எந்த வருத்தமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆளே இல்லாமல் ஓடும் ஆலை என்று நாங்கள் அழைப்பிதழில் போட்டிருந்தோம். திரையில் ஓர் ஆளின் பெயர் சிவப்பாக நின்றது. அதை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட ஆள் அனுப்பலாம் என்று நினைத்தேன். எடுப்பது ஒரு வரி. ஆள் அனுப்ப நாற்காலியிலிருந்து எழுந்து, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, எல்லாரும் பார்க்க வெளியே போக வேண்டும். சிவப்பு எரிகிறதென்றால் மெஷின் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை எழுந்து நின்று சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. இது எனக்குப் பிற்பாடு தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம், ஊரறிந்த ஒரு பெரிய மனிதர் முன்னால், என் வாழ்க்கையில் முதல் முறையாக என் பெயரைச் சொல்லி அழைக்கப்போகிற மேடையில், என் திரையில் ஒரு பிழை தெரியக்கூடாது என்பதுதான். மதிப்புக்குரிய ஒருவர் பார்க்கிறார் என்றால் எந்த மனிதனும் கொஞ்சம் அவசரப்படுவான். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனத்துக்குப் புதிதாக ஒரு பயனர் பெயர் போட்டுவிட்டேன். நீங்கள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே போட்டேன். அவர் அது வேண்டாம் என்கிறார். பழைய பெயரே இருக்கட்டுமாம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், போட்டோகிராபரை விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும். எம்.டி. அன்று பொத்தானை அழுத்தியது ஒத்திகைக்காக. போட்டோவில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக. சிறப்பு விருந்தினர் அப்போது ஹாலில் இல்லை. கழிப்பறைக்குப் போயிருந்தார். அவரைக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டிவிட்டு வந்தவன் நான்தான்.